கேக் வெட்டிய பிறகு படித்தவள்

அந்தச் சலவை ஆலையின் வரவேற்பறைச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண், தலையில் சதுரத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய சுருள். பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள் என்பதால் வருகிறவர்கள் ஒரு தலையசைப்போடு கடந்துவிடுவார்கள். கிட்டே போய் உற்றுப் பார்க்கிற வேலையற்றவர்களுக்கு மட்டும் சில உண்மைகள் தெரியவரும். அந்த அங்கி ஒரு ஓட்டல்காரர் கழித்துக்கட்டிய மேசை விரிப்பு. தொப்பி, சலவைத்தூள் வந்த அட்டைப்பெட்டி. அதன் ஓரத்தில் ‘பிடிவாதமான கறைகளுக்கு’ என்பதில் பாதி இன்னும் படிக்கக் கிடைக்கிறது. சுருள், டிரையர் வாங்கியபோது கொடுத்த உத்தரவாத அட்டை. அந்தப் பெண்ணின் இடது கன்னம் உப்பியிருப்பதற்குப் பல்வலி காரணமல்ல. வாயில் கேக் இருந்தது.

ஊரில் மற்றவர்கள் படித்துவிட்டுப் பட்டம் வாங்குகிறார்கள். இவள் பட்டம் வாங்கிவிட்டுப் படித்தவள். இப்படியொரு சாதனையைப் பதிவு செய்யாமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது.

ஆலையில் அவள் மடிப்புப் பிரிவு. மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற விரிப்புகளும் துண்டுகளும் தலையணை உறைகளும், துவைத்து, உலர்ந்து, சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி, கடைசியில் அவள் கைக்கு வரும். மூலைக்கு மூலை சேர்த்து, இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்த வேலை. அன்றிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். அவள் மட்டுமல்ல, அங்கே எல்லோரும் நிற்கிறார்கள். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மூலை பிசகும் என்பது நிர்வாகத்தின் விஞ்ஞானம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் முழங்கால்கள் அவளுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிடும்.

மேலாளரின் மேசையை விட்டால், ஆலை முழுவதற்கும் உட்காரக்கூடிய ஒரே இடம் தரப் பரிசோதகரின் கண்ணாடி அறை. அங்கே நீராவி வராது. சுழல்கிற நாற்காலி ஒன்று உண்டு. அதில் அமர்ந்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பதவிக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். பட்டம் பெறாத கண்ணுக்குக் கறை தெரியாது என்பது தலைமை அலுவலகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

பரிசோதகருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். இடம் கிடைத்தது வரலாற்றில்தான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவன் கேட்டான்: “வரலாறா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?”

“உட்காரப் போறேன்.”

“நாட்டுல எத்தனையோ பேர் படிக்காமலே உட்கார்ந்திருக்கானேடி.”

“அவங்களுக்கெல்லாம் மாமா, மச்சான் இருக்காங்க. எனக்கு நீங்கதான் இருக்கீங்க.”

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். விவரமானவன்.

வகுப்பு உள்ள நாட்களில் தன்னிடம் மிகைநேர வேலை கேட்கக் கூடாது என்று மேலாளரிடம் சொல்லப் போனாள். எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறவர் என்பதால் அவருக்குக் ‘கைத்தட்டு’ என்று பெயர். ஊக்கமூட்டும் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, யாராவது தும்மினால்கூட, “அருமை! இன்னும் நல்லா தும்மலாம்!” என்று தட்டுவார்.

அவள் போன நேரம் சரியில்லை. மாதத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலகம் ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கேக் அனுப்பும். அந்த மாதம் ஆலையில் நடந்த நல்ல செய்தி எதையாவது சொல்லி, கேக் வெட்டி, புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த மாதம் ஆலையில் நல்லது என்று எதுவுமே நடந்திருக்கவில்லை. கேக் மட்டும் தவறாமல் வந்து, அவர் மேசைமேல் வியர்த்துக்கொண்டிருந்தது.

“டிகிரியா!” என்று எழுந்தே விட்டார். “நம்ம ஆலையிலயா!”

“சேர்ந்திருக்கேன் சார். இன்னும் ஒரு பாடம்கூட நடத்தலை.”

“சேர்ந்துட்டீங்க இல்ல? ஆரம்பிச்சாலே பாதி முடிஞ்ச மாதிரின்னு பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க.”

“மீதிப் பாதி இருக்கே சார்.”

“அது தன்னம்பிக்கை. உங்களுக்கு இருக்கா, இல்லையா?”

இல்லை என்று எப்படிச் சொல்வது? “இருக்கு சார்” என்றாள்.

“அப்ப முடிஞ்சுது!”

“முடிச்சப்புறம் கொண்டாடலாமே சார்...”

“அதுவரைக்கும் கேக் தாங்காதும்மா. கேக் கெட்டுப்போகும், டிகிரி கெட்டுப்போகாது.”

சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினார். விரிப்பைப் போர்த்தினார்கள், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். ‘நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலை’ என்று அறிவிக்க அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் கேக்கை வைத்தார்கள். அந்தக் கணத்தில்தான் படம் எடுக்கப்பட்டது.

தலைமை அலுவலகம் அந்தப் படத்தை ஆண்டறிக்கையில் போட்டது. கீழே ‘எங்கள் மடிப்புப் பிரிவிலும் பட்டதாரிகள்’ என்று பன்மையில் எழுதியது. ஊழியர் முன்னேற்றத்துக்காகக் கைத்தட்டுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. மேற்படிப் பாதியும் தன்னம்பிக்கையும் கூட்டிய கணக்கை நாளடைவில் அவரே மறந்து, அவள் பட்டதாரி என்று மனதார நம்பத் தொடங்கினார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்புகிறவனுக்குக் கிடைக்கிற நிம்மதி தவம் செய்தாலும் கிடைக்காது.

அன்று முதல் அவள் பெயர் ‘டிகிரி’. இளையவர்களுக்கு ‘டிகிரியக்கா’.

பட்டதாரிகளுக்குரிய சலுகைகள் எல்லாம் அவளுக்கு உடனே வந்து சேர்ந்தன. புகார்க் கடிதம் எழுத வேண்டுமா, கூப்பிடு டிகிரியை. புது இயந்திரத்தின் கையேடு புரியவில்லையா, டிகிரியிடம் கொடு. யாராவது பிள்ளைக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்ப வேண்டுமா, சாப்பாட்டு நேரத்தில் டிகிரி சும்மாதானே நிற்கிறாள். சம்பளம்தான் உயரவில்லை. கேட்டதற்கு, “படிச்சவங்க நீங்களே காசுன்னு பேசினா எப்படிம்மா?” என்று கைத்தட்டு வருத்தப்பட்டார்.

மாலைக் கல்லூரி வாசலில் அவளைப் பேருந்திலிருந்து பார்த்த ஒருத்தி, அவள் அங்கே பாடம் நடத்துகிறாள் என்று செய்தி பரப்பினாள். மறுத்துப் பார்த்தாள். “அடக்கத்தைப் பாரு” என்றார்கள்.

உண்மை தெரிந்தவள் ஆலையில் ஒருத்திதான், பக்கத்து உருளை இயந்திரத்தை ஓட்டுகிறவள். “நீ பாசாயிட்டா யார்கிட்டடி சொல்லுவ?” என்று அவள் ஒரு முறை கேட்டாள். டிகிரி சிரித்துவிட்டாள். பிற்பாடு சிரிப்பு வரவில்லை.

டிரையர்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற சந்து இருந்தது. இடைவேளையில் அங்கே நின்றபடி, தலையணை உறைக்குள் வைத்திருந்த பாடப்புத்தகத்தைப் படிப்பாள். பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் சூடான பருத்தி வாசனையோடுதான் அவள் மண்டையில் ஏறின. ஒரு நாள் கைத்தட்டு எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, இன்னும் படிக்கிறீங்க?”

“மறந்துடக் கூடாதுன்னு சார்.”

“அருமை!” என்று கைதட்டிவிட்டுப் போனார்.

முதல் தேர்வு வந்தது. விடுப்புக் கேட்டாள்.

“பரீட்சையா? முடிச்சவங்க எதுக்கும்மா மறுபடி எழுதணும்? வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? படம் வேற தொங்குது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வேற காரணம் சொல்லுங்களேன். காரணத்துக்கா பஞ்சம்?”

பஞ்சம்தான். காய்ச்சல் என்றால் ஆலை மருத்துவர் வீட்டுக்கே வந்து தொட்டுப் பார்ப்பார். சாவை மட்டும்தான் யாரும் வந்து தொட்டுப் பார்ப்பதில்லை. எனவே அவளுடைய சொந்தங்கள் பருவத்துக்குப் பருவம் சாகத் தொடங்கினார்கள். பெரியப்பா போனார். சித்தி போனாள். ஊரில் ஓட்டமும் நடையுமாக இருந்த ஒன்றுவிட்ட மாமா ஒருவர், பண்டைய நாகரிகங்கள் தாளுக்காக மாரடைப்பில் காலமானார். தூரத்து உறவுக்கு அரை நாள்தான் விடுப்பு என்பதால், காலையில் எழவு கொண்டாடிவிட்டு மதியம் வந்து துண்டு மடித்தாள்.

கடைசி ஆண்டுத் தேர்வு அரை நாளில் அடங்காது. முழு விடுப்பு வேண்டுமென்றால் கூடவே வசிக்கிற உறவு இறந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தது கணவனும் மாமியாரும். இருவரில் யார் என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை.

தலைமை அலுவலகம் நெருங்கிய உறவுச் சாவுக்கு மலர்வளையம் அனுப்பும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவள் தேர்வுக்கூடத்தில் இருந்தபோது வளையம் வீட்டுக்கு வந்தது. கதவைத் திறந்தது மாமியார்.

“சாவு வீடு இதுதானேம்மா?”

“யாருப்பா செத்தது?”

கொண்டுவந்தவன் சீட்டைப் பார்த்தான். “மாமியாருன்னு போட்டிருக்கு.”

மாமியார் அவனையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது நான்தான். குடு” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மருமகள் வீடு திரும்பியபோது வளையம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது. மாமியார் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“எப்படிச் செத்தேன்?”

“அத்தை...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. எப்படிச் செத்தேன்?”

“தூக்கத்துல, அத்தை.”

“தூக்கத்துலயா! விடியறதுக்கு முன்னாடியே நீ புத்தகத்தை வச்சுக்கிட்டு முணுமுணுக்கற வீட்ல எனக்குத் தூக்கம் ஏது? கேக்கறவன் நம்புவானா? கொஞ்சம் கௌரவமான சீக்கா சொல்லியிருக்கக் கூடாது?”

கணவன் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

“பூவெல்லாம் நல்லாதான் இருக்கு” என்றாள் மாமியார், வளையத்தைத் தொட்டுப் பார்த்து. “நெசமா சாகும்போது நீங்க வாங்கறது இதுல பாதிகூடத் தேறாது.” பிறகு குரல் மாறிற்று. “நல்லா எழுதினியா?”

“ஏதோ எழுதியிருக்கேன் அத்தை.”

“ஃபெயில்னு மட்டும் வந்து நிக்காத. மறுபடி சாக எனக்குத் தெம்பில்லை.”

அந்தக் குடும்பம் அவள் படிப்புக்குக் கொடுத்த ஆசீர்வாதம் இது ஒன்றுதான். கலப்படமில்லாதது.

அவள் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. நின்றுகொண்டே படித்தவளுக்கு அது போதும். இயந்திர இரைச்சலில் உருளைக்காரியின் காதில் கத்தினாள். உருளைக்காரி கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அதற்குள் ஒரு விரிப்பு கோணலாகப் போய்விட்டது. கொண்டாட்டம் அத்துடன் முடிந்தது.

அதே மாதம் பரிசோதகர் ஓய்வு பெற்றார். கண்ணாடி அறை காலியானது. போகிற வழியில் அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே போவாள். ஒரு நாள் துடைக்கிற சாக்கில் உள்ளே போய், முதுகுப்பக்கத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். உட்காரவில்லை. முறைப்படி உட்கார வேண்டும் என்று நினைத்தாள். முறையில் நம்பிக்கை வைக்கிற நோய் படித்தவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

“நீங்கதாம்மா! இதுல யோசிக்க என்ன இருக்கு!” என்று கைதட்டிய மேலாளர், சான்றிதழை வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். வாங்கும்போது தேதியைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தலைமை அலுவலகம் பார்த்தது. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார்.

விசாரணை கண்ணாடி அறையில் நடந்தது. அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நின்றாள். கைத்தட்டு ஓரமாக நின்று, தட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று காத்திருந்தார்.

“ஆண்டறிக்கையில உங்க படம் வந்து ரொம்ப வருஷமாச்சு. சான்றிதழ் இந்த வருஷ தேதியில இருக்கு.”

“ஆமா சார்.”

“ஒரே பட்டத்தை ஒருத்தர் ரெண்டு தடவை வாங்க முடியாதே.”

“ஒரு தடவைதான் சார் வாங்கினேன். முதல்ல வாங்கினது கேக்கு.”

அதிகாரி சிரிக்கவில்லை. “படத்துல அங்கி போட்டிருக்கீங்க.”

“அது மேசை விரிப்பு சார்.”

“அறிக்கையில அங்கின்னுதான் போட்டிருக்கு.”

எந்தச் சான்றை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்பது பற்றி அவளுக்கு ஒரு முழுத் தாளே இருந்தது. அவளுக்கு அதிக மதிப்பெண் வந்ததும் அதில்தான். ஒரு சம்பவத்தைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட பெருமைப் பேச்சைவிட, அந்தந்தக் காலத்து ஆவணமே மேல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதிகாரி அந்தத் தாளை எழுதியவரல்ல.

“கல்லூரிக்கு எழுதிக் கேளுங்க சார். சொல்லுவாங்க.”

“கேட்டு, அவங்க உண்மைன்னு சொல்லிட்டா?” அதிகாரி பொறுமையாக விளக்கினார். “அப்புறம் அறிக்கை பொய்யாயிடும். கேடயம் பொய்யாயிடும். அதுல கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் இப்ப எங்கெங்கயோ உயரத்துல இருக்காங்க. அவங்களையெல்லாம் இறக்கித்தான் நீங்க ஏறணுமா?”

அவள் மேலாளரைப் பார்த்தாள். “சார், உங்களுக்குத் தெரியுமே. சேர்ந்த அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே.”

கைத்தட்டின் கைகள் முதல் தடவையாக முதுகுக்குப் பின்னால் போயின. “எனக்குத் தெரிஞ்சு, நீங்க அப்பவே முடிச்சாச்சும்மா” என்றார். பொய் சொல்கிறவரின் முகம் இல்லை அது. அதுதான் கொடுமை.

தீர்ப்பு கருணையோடு வழங்கப்பட்டது. “நீங்க பட்டதாரிங்கறதை கம்பெனி எப்பவுமே சந்தேகப்படலை” என்றார் அதிகாரி. “சான்றிதழைத்தான் சந்தேகப்படுது. நடவடிக்கை எதுவும் வேண்டாம். இதை வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. வேலையில அப்படியே இருங்க.”

இரண்டு வாரத்தில் புதிய பரிசோதகர் வந்தார். தலைமை அலுவலகத்தில் யாருக்கோ மைத்துனர். “டிகிரி முடிக்கப் போறாரு. தன்னம்பிக்கை உள்ள பையன்” என்று கைத்தட்டு அறிமுகப்படுத்தி, தட்டோ தட்டென்று தட்டினார். புதியவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வழவழவென்று சுற்றியது. அவள் துடைத்துவைத்ததுதான்.

பட்டமளிப்பு விழா வேலை நாளில் வந்தது. அன்று காலை வீட்டில் மூவரும் கூடி, சாகடிக்க இன்னும் யார் மீதி என்று எண்ணிப் பார்த்தார்கள்.

“வேணா என்னைப் போட்டுத் தள்ளிக்கோ” என்றான் கணவன்.

“புருஷன் செத்தா ஒரு வாரம் லீவு தருவாங்க. எனக்கு ஒரு நாள் போதும்.”

“எங்கிட்ட இருந்தது ஒரு உயிரு” என்றாள் மாமியார். “அதை அப்பவே எடுத்துக்கிட்ட.” சொல்லிவிட்டு, கட்டிவைத்த சாப்பாட்டை அவள் கையில் கொடுத்தாள். எப்போதும் அவள் கொடுப்பதில்லை.

மருமகள் வேலைக்குப் போனாள்.

சில நாள் கழித்து ஆலைக்கு ஒரு புதிய வாடிக்கையாளர் கிடைத்திருப்பதாகக் கைத்தட்டு அறிவித்தார். வாசலில் வண்டி நின்றது. ட்ராலிகளில் கறுப்பு கறுப்பாக வந்திறங்கின, பட்டமளிப்பு அங்கிகள். அவள் படித்த கல்லூரியுடையவை. கழுத்துப் பட்டைகளில் முகப்பூச்சும் வியர்வையும், ஒன்றிரண்டில் கண்மை. பெற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். எல்லாம் துவைத்தால் போகிற கறைகள்.

பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த உருளைக்காரி ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறைமேல் டிகிரியின் தேர்வு எண் ஒட்டியிருந்தது.

“இது உன்னோடதுதானே?”

டிகிரி பார்த்தாள். தலையசைத்தாள்.

“போட்டுப் பாருடி. யாரும் பாக்கலை.”

“வாடிக்கையாளர் துணியை உடம்புல போட்டா வேலை போயிடும். சுவத்துல எழுதியிருக்கு.”

“இது உன் துணிடி!”

“இப்ப இல்ல.”

“அழுக்கே ஆகலை. துவைக்காமலாவது வை.”

கண்ணாடி அறையின் பலகணி திறந்தது. “அங்க என்ன பேச்சு?” என்றார் புதிய பரிசோதகர், உட்கார்ந்தபடியே. “வந்ததெல்லாம் துவைக்கணும். விதி.”

அவள் உறையைக் கிழித்து, அங்கியை மற்றவற்றோடு இயந்திரத்துக்குள் போட்டாள். கதவை மூடினாள். உள்ளே எல்லாம் சேர்ந்து சுழன்றன. வெளியே வந்தபோது எது அவளுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. மூலைக்கு மூலை சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்தாள்.

அந்த மாதத்து நல்ல செய்தி கல்லூரி ஒப்பந்தம். கேக் வந்திருந்தது. “நம்ம டிகிரியே அந்த அங்கியெல்லாம் மடிச்சிருக்காங்க! இதைவிடப் பொருத்தமா ஒரு படம் கிடைக்குமா?” என்றார் கைத்தட்டு. நிஜ அங்கி ஒன்றை யாரோ எடுத்து நீட்டினார்கள். அவர் பதறிவிட்டார். “ஐயய்யோ, அது வாடிக்கையாளரோடது. விரிப்பைக் கொண்டுவாங்க, விரிப்பை!”

மேசை விரிப்பு வந்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது, மடித்தவள் அவள்தான். தோளில் போர்த்தினார்கள். அட்டைப்பெட்டி வந்தது. ட்ராலி நிறைய நிஜ அங்கிகள் பின்னணியில் நிறுத்தப்பட்டன. கேக்குத் துண்டோடு கைத்தட்டின் கை அவள் முகத்தை நோக்கி வந்தது.

“வாயைத் திறங்கம்மா.”

அவள் திறக்கவில்லை.

“கொஞ்சம் சிரிங்க.”

அதுவும் நடக்கவில்லை. கேக் உதட்டில் பட்டு, விரிப்பில் விழுந்தது. படம் எடுக்கப்பட்டது. முகத்தில் மகிழ்ச்சி போதவில்லை என்று தலைமை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பழைய படமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று, இருக்கிறது. கேக் விழுந்த விரிப்பை அன்று மாலையே துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்தாள்.